என் நாக்கில் பட்ட கசப்பு

போன மாதம் பிலோமினா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் விட்டுவிட்டு வந்த வேலையில் இப்போது இருப்பவள் அவள்தான். கையில் ஒரு பத்திரிகைத் துண்டு வைத்திருந்தாள். வெளிநாடுகளில் பந்தயக் குதிரைக்கு ஸ்டீராய்டு என்று ஏதோ ஊசி போட்டுச் சதையை ஏற்றுகிறார்களாம்; அதைக் கண்டுபிடிக்க இன்னும் சரியான சோதனை வரவில்லையாம்.

"அக்கா, ஒங்க காலத்துல நீங்க எப்படிப் பாத்தீங்க? எழுதிக் குடுங்க, நம்ம ஊழியர் மலர்ல போடுவோம்" என்றாள்.

எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள் நான். ஆனாலும் அவளுக்கு அது "ஒங்க காலம்". சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, எழுதலாமா கூடாதா என்று யோசித்தபடியே பல நாள் சமையல் செய்தேன். என் சுபாவம் அப்படி. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள்.

புதுக்கோட்டைக் கல்லூரியில் இண்டர்மீடியட் வரை படித்தேன். சோதனைக் குழாயைப் பிடிக்கத் தெரியும் என்பதால் மாட்டாஸ்பத்திரி ஆய்வறையில் உதவியாளர் வேலை கிடைத்தது. முதல் சில வருடங்கள் சாணத்தில் புழு முட்டை பார்ப்பதிலும், அடைப்பான் நோயில் செத்த மாட்டின் இரத்தத்தைக் கண்ணாடியில் தேய்ப்பதிலும் போயின. அதற்குள் கல்யாணம், பிறகு மூத்தவள் மல்லிகா. அவள் பிறந்து ஒரு வயது ஆனபோதுதான் குதிரை விவகாரம் வந்தது.

எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாவை ஒட்டிக் குதிரை வண்டிப் பந்தயம் விடுவது வழக்கம். அதற்கு முந்தின வருடம் ஒரு பந்தயத்தில், முதலாவதாக வந்துகொண்டிருந்த குதிரை திடீரென்று உடம்பு விறைத்து, வண்டியோடு கூட்டத்துக்குள் சாய்ந்துவிட்டது. வேடிக்கை பார்த்த ஒருவர் அங்கேயே இறந்தார். குதிரைக்கு எட்டிக்கொட்டையைப் பொடித்து வெல்லத்தில் உருட்டிக் கொடுத்திருந்தார்கள். துளி கொடுத்தால் நரம்பு முறுக்கேறிக் குதிரை பறக்கும். கொஞ்சம் கூடினால் இழுத்துக்கொண்டு விழும். எட்டி மரம் நம் காடுகளில் தானாக வளர்வது. அதை யாரும் கடையில் போய் வாங்க வேண்டியதில்லை.

அதனால் மறு வருடம் அதிகாரிகள் ஒரு நிபந்தனையோடுதான் பந்தயத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். ஜெயித்த குதிரையைச் சோதிக்க வேண்டும். எட்டி இருந்தால், தீனி வைத்தவர் மீது வழக்கு. சென்னைக்கு அனுப்பிப் பதில் வர நெடுநாள் ஆகும் என்பதால், முதல் சோதனையை எங்கள் டாக்டரே செய்து சொல்ல வேண்டும் என்றார்கள்.

டாக்டர் சாமுவேல் எங்கோ பெருநகரத்துப் பந்தய மைதானத்தில் முன்பு வேலை பார்த்தவர். குரலை உயர்த்த மாட்டார். என்னை விட இருபது வயதாவது மூத்தவர். ஆனாலும் "வாங்கம்மா, போங்கம்மா" என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் அதே "அம்மா" இன்னும் மெதுவாக வரும். அதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன். "தெரிஞ்சதச் சொல்லுங்கம்மா. தோணுனதச் சொல்லாதீங்க" என்பார். எனக்கோ எல்லாமே தோன்றுவதாகவே இருக்கும்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. குதிரை ஓடி முடித்ததும் அதைத் தனியாக ஒரு கொட்டகையில் கட்டி, புது வைக்கோலைப் பரப்ப வேண்டும். புது வைக்கோலைக் கண்டால் குதிரைக்குச் சிறுநீர் கழிக்கத் தோன்றும். கூடவே மெல்லச் சீட்டி அடிக்க வேண்டும். எங்கள் கம்பவுண்டர் வீரையாவுக்கு முன்பல் இல்லாததால் சீட்டி வராது. டாக்டர் உரிமையாளரோடு பேசிக்கொண்டிருப்பார். ஆக அந்த வேலை என் தலையில் விழுந்தது.

"வாத்தியார் பொண்டாட்டி சீட்டி அடிக்கிறத ஊருக்குள்ள சொன்னா யாரும் நம்ப மாட்டாகம்மா" என்று வீரையா சிரிப்பார். என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். அவரிடம் இன்றுவரை நான் இதைச் சொன்னதில்லை.

பிடித்த சிறுநீரை இரண்டு புட்டிகளில் பிரித்து, அரக்கு முத்திரை வைப்போம். ஒன்று சென்னைக்கு. மற்றதைச் சுண்ணாம்பு நீர் சேர்த்துக் குளோரோஃபாரத்தில் குலுக்கி, அடியில் இறங்கும் குளோரோஃபாரத்தைப் பிரித்து வெந்நீர்ச் சட்டியின் மேல் ஆவியாக்கினால் கிண்ணத்தில் ஒரு மெல்லிய படலம் மிஞ்சும். எட்டி இருந்தால் அந்தப் படலத்தில்தான் இருக்கும். அதை மூன்றாகப் பிரிப்போம். முதல் பங்கைச் சொட்டு நீரில் கரைத்து, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்ப வேண்டும். எட்டியின் கசப்பு வேறு எதற்கும் கிடையாது. பானைத் தண்ணீரில் ஒரு துகள் இருந்தாலும் நாக்கு சொல்லிவிடும். இரண்டாவது பங்கில் அமிலம் விட்டு ஒரு சிவப்பு உப்பைத் தேய்த்தால், எட்டி இருந்தால் ஊதா நிறம் ஒரு கணம் ஓடி மறையும். மூன்றாவது பங்கைத் தவளைக்கு ஊசியில் ஏற்ற வேண்டும். எட்டி இருந்தால், மேசையைத் தட்டிய சத்தத்துக்கே தவளை நான்கு காலையும் நீட்டி விறைக்கும்.

எட்டியை நாக்கில் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மல்லிகா அப்போது பால் குடித்துக்கொண்டிருந்தாள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகாதா? போனால் பாலில் இறங்காதா? டாக்டரிடம் கேட்டேன். "அந்த அளவுக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பந்தயத்துக்கு முன்பே பாலை மறக்கடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். தினம் காலையில் வேப்பங்கொழுந்தை அம்மியில் அரைத்து மார்பில் தடவிக்கொண்டேன். பிள்ளை வாயை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து அழும். நானும் அழுவேன். பந்தய நாள் வந்த பிறகும் அவள் மறக்கவில்லை. மாமியார் அடுக்களையிலிருந்து, "ஊருல யாரு வீட்டுக் குருதையோ ஓடுறதுக்கு எங்க வீட்டுப் பிள்ள பட்டினியா?" என்பார்.

அந்த வருடம் அரிமளம் பக்கத்துப் பந்தயத்தில் ஒரு அரிசி மில் முதலாளியின் குதிரை ஜெயித்தது. வண்டி ஓட்டியவன் ராசு. இருபத்தைந்து வயது இருக்கும். குதிரைக்குத் தீனி வைப்பதும் அவன்தான். ஓடி முடித்த குதிரை தொடை நடுங்க நின்றதைப் பார்த்து, இரண்டாவதாக வந்தவர்கள் எட்டி என்று கூச்சல் போட்டார்கள். போலீஸ் ராசுவைக் கூட்டிப்போய் ஸ்டேஷனில் உட்கார வைத்தது. அன்று நாங்கள் பிடித்துவந்த சிறுநீரைப் பார்த்து எங்கள் அறிக்கை வந்த பிறகுதான் அவன் வீட்டுக்குப் போவதா, ஜெயிலுக்குப் போவதா என்பது முடிவாகும். முதலாளி மீது எதுவும் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். தீனி வைத்த கை அவருடையது இல்லையே.

மறுநாள் காலை நான் வேலைக்குப் புறப்படும்போது மில் கணக்குப்பிள்ளை எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஓலைப்பெட்டி நிறைய மிட்டாய். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் குனிந்து, மல்லிகாவின் கையில் ஒரு லட்டைக் கொடுத்துவிட்டார்.

"பாப்பா நல்லா இருக்கணும்மா. அதுதான் முதலாளிக்கும் ஆசை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தெருவே பார்த்தது. சைக்கிளில் போன வீரையாவும் பார்த்தார். பிள்ளையின் கையிலிருந்து லட்டைப் பிடுங்கினேன், அவள் வீறிட்டாள். பெட்டியோடு சாக்கடையில் கொட்டினேன். கொட்டிய பிறகும், ஒரு வாய் தின்றிருப்பாளோ என்று அவள் வாயைத் திறந்து திறந்து பார்த்தேன். அந்தக் கலவரத்தோடேயே வேலைக்குப் போனேன்.

அன்று டாக்டருக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கும் நாக்கும் செத்துக் கிடந்தன. "நீங்கதாம்மா பாக்கணும்" என்றார். முதல் பங்கைக் கரைத்த சொட்டு நீரில் விரலை வைத்து நாக்கில் தொட்டேன். கசந்தது. நாக்கின் அடி வரைக்கும் போய் நின்ற கசப்பு.

"கசக்குது, டாக்டர்."

"நிச்சயமா?"

"நிச்சயமாக் கசக்குது."

நிறச் சோதனையில் ஊதா வந்ததா என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. படலத்தில் அழுக்கு அதிகம். எல்லாம் கறுத்துப் பழுப்பாகிவிட்டது. தவளைக்கோ வழியில்லை. கோடை, குளமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மூன்றாவது பங்கைக் கண்ணாடி மூடிக்குள் வைத்துவிட்டு டாக்டர் சொன்னார்: "கசப்பு இருந்தது, எட்டி இருக்கலாம்னு எழுதுறேன். நாளைக்குக் காலைல சப்-இன்ஸ்பெக்டர் வருவார். அவருக்கு அது போதும்."

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மல்லிகா ஓடிவந்து என் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். அடுத்த நொடி முகத்தைக் கோணிக்கொண்டு துப்பினாள். காலையில் என் மார்பில் வாயை வைத்துவிட்டு அழுதாளே, அதே முகம்.

காலையில் வேப்பங்கொழுந்தை அரைத்தது இந்தக் கையால்தான். கணக்குப்பிள்ளை வந்த கலவரத்தில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேனா? வாசலில் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டேனா? ஆய்வறையில் கழுவினேன், நகத்தடியில் தேய்த்தேனா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. என் நாக்கில் பட்டது குதிரையின் கசப்பா, என் கசப்பா?

சொல்லாமல் இருந்தால் ராசு ஜெயிலுக்குப் போவான். சொன்னால்? காலையில் வாசலுக்கு மிட்டாய் வந்தது. மத்தியானம் சாட்சி மாறியது. தெருவில் ஒருவரும் வேறு மாதிரி நினைக்க மாட்டார்கள். டாக்டரும் நினைக்க மாட்டாரா? சோற்றில் கை வைக்காமலே திரும்பினேன். வழியெல்லாம் ஒரு நேரம் கால் வேகமாக நடந்தது, ஒரு நேரம் நின்றது.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பிலையைச் சொன்னேன். மிட்டாயையும் சொன்னேன். வீரையா தன் மருந்து அலமாரியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, "லட்டு நல்லா வேல செய்யிது போல" என்று முணுமுணுத்தார்.

டாக்டர் மிக மெதுவாக, "விரலக் காட்டுங்கம்மா" என்றார். அதற்குள் நான் பலமுறை கழுவியிருந்தேன். இனி அந்த விரலைச் சோதித்துப் பயனில்லை. "சாயங்காலம் நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒரு தவள கொண்டாங்க. இல்லேன்னா நான் எழுதுனது எழுதுனதுதான்" என்றார்.

எந்தக் குளத்தில் போய்த் தேட? ஆஸ்பத்திரிக் கிணற்றில் வீரையாவை எட்டிப் பார்க்கச் சொன்னேன். "அங்கிட்டுப் பாம்புதான் இருக்கு, தாரேன், வேணுமா?" என்றார். அப்போதுதான் எங்கள் வீட்டு அங்கணத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் ஈரத்தில் ஒரு தேரை குந்தியிருப்பது நினைவுக்கு வந்தது. மல்லிகா பிறந்த நாளிலிருந்து நான் அந்தப் பக்கம் பார்க்கக்கூடப் பயந்த தேரை. பிள்ளை மேல் தேரை பட்டால் உடம்பு வற்றிப்போகும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் அறிவியல் படித்தவள்தான். ஆனாலும் தினம் இரவில் அங்கணக் கதவைச் சாத்திவிட்டுத்தான் படுப்பேன்.

வீட்டுக்கு ஓடிப்போய்ப் பானையை நகர்த்தி, வெறும் கையால் அதைப் பிடித்தேன். குளிர்ந்த தோல், உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார். "அடி பாவி! தேரையத் தொட்டுப்புட்டியேடி! பிள்ள கிட்ட வராத, அங்கிட்டே போ! அந்தக் கையோட எம் பேத்தியத் தூக்குன, நடக்குறது வேற!"

"தூக்கல அத்தை, தூக்கல" என்று சொல்லிக்கொண்டே தூக்குவாளியில் அதைப் போட்டு மூடிக்கொண்டு ஓடினேன். பின்னால் மல்லிகா "அம்மா, அம்மா" என்று கையை நீட்டிக்கொண்டு அழுதாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"தேரையும் தவள ஜாதிதான்" என்றார் டாக்டர். மூன்றாவது பங்கைக் கரைத்து அதன் முதுகுத் தோலுக்கடியில் ஏற்றினார். கண்ணாடித் தொட்டியில் விட்டோம். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது விறைத்தால் ராசு ஜெயிலில். என் நாக்கு சரி. விறைக்காவிட்டால் ராசு வீட்டில். நான் விலைக்குப் போனவள். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. தேரையின் தொண்டை மட்டும் துடித்தது.

டாக்டர் மேசையைத் தட்டினார். ஒன்றும் இல்லை. காத்திருந்து மறுபடி தட்டினார். அது மெல்ல ஒரு காலை எடுத்து வைத்துத் திரும்பி உட்கார்ந்தது.

"தேரைக்கு எட்டி ஏறாதோ என்னமோ" என்றார் வீரையா.

டாக்டர் அலமாரியிலிருந்து மாட்டுக்குப் பசி எடுக்கக் கொடுக்கும் எட்டி மருந்தை எடுத்தார். மிகச் சிறிய அளவை அதே தேரைக்கு ஏற்றினார். கொஞ்ச நேரம் பொறுத்து, விரல் நுனியால் மேசையைத் தொட்டார், அவ்வளவுதான். தேரை நான்கு காலையும் கம்பி போல நீட்டி, வளைந்து, விறைத்தது. விட்டது. பக்கத்து அறையில் யாரோ கதவைச் சாத்தினார்கள், மறுபடி விறைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏறுது, வீரையா" என்றார் டாக்டர். முதலில் எழுதியதைக் கிழித்துவிட்டு, எட்டி காணப்படவில்லை என்று எழுதினார். என்னிடம், "இனிமே ருசி பாக்குறதுக்கு முந்தி, வெறும் தண்ணியத் தொட்டு ஒங்க விரல நீங்க ருசி பாருங்கம்மா" என்றார். அன்றிலிருந்து அதுவே எங்கள் முறை. பிலோமினாவும் அப்படித்தான் செய்கிறாள். காரணம் அவளுக்கு இதைப் படித்தால்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து தலையோடு குளித்து, கையை மணல் போட்டுத் தேய்த்து, அதன் பிறகும் மல்லிகாவைத் தூக்கத் தயங்கினேன். அந்த மாதம் முழுவதும் அவள் கை மெலிகிறதா என்று பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சென்னைக்குப் போன புட்டி வெயிலில் அடைப்புப் பிதுங்கி வழிந்துவிட்டதாகப் பதில் வந்தது. ஆக, எங்கள் தேரை சொன்னதுதான் கடைசி வார்த்தை.

கணக்குப்பிள்ளை மறுபடி வந்தார், இந்த முறை தாம்பாளத்தில் பட்டுப் பாவாடையோடு. "முதலாளிக்குக் குடுத்த சொல்லக் காப்பாத்திட்டீக" என்றார். நான் எந்தச் சொல்லையும் கொடுக்கவில்லை என்று கத்தினேன். "ஆமாமா, குடுக்கல, குடுக்கல" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். பாவாடையைத் திருப்பி அனுப்பியதை யாரும் பார்க்கவில்லை.

சில வாரம் கழித்து, குளம்பில் புண் என்று ராசு அந்தக் குதிரையை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவந்தான். என்னைக் கண்டதும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"முதலாளி பெரிய மனசு பண்ணி ஒங்கள ஆள் விட்டுப் பாத்ததாலதான் அக்கா நான் வெளிய வந்தேன். சாகுற வரைக்கும் அவுக குதிரையத்தான் ஓட்டுவேன்" என்றான்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "ஒங்க முதலாளி குடுத்த மிட்டாய் சாக்கடைக்குப் போச்சு, ராசு. தேரை விறைச்சிருந்தா நீங்க ஜெயிலுக்குத்தான் போயிருப்பீங்க. நான் கசக்குதுன்னுதான் சொன்னேன். ஒங்கள விட்டது யாரு தயவும் இல்ல. குதிரை ஒடம்புல எட்டி இல்ல, அவ்வளவுதான்" என்றேன்.

அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அப்ப நெசமாவே குதிரைக்கு எட்டி குடுக்கலையா?"

"ஒங்களுக்குத் தெரியாதா? தீனி வச்சது நீங்கதானே?"

"நான் வச்சேன். நான் ஒண்ணும் கலக்கல. ஆனா அன்னைக்கு விடியக்கால முதலாளி வந்து, வெளிய போய் நில்லுடான்னாக. நின்னேன். உள்ள என்ன குடுத்தாகன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஸ்டேசன்ல உக்காந்து அதத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன்." குதிரையின் கழுத்தைத் தடவினான். "எட்டி இல்லேங்கிறீக. வேற எதுவும் இல்லையா?"

டாக்டரின் குரல் என் காதில் ஒலித்தது. தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

"எட்டி இல்ல. நாங்க எட்டிய மட்டுந்தான் பாத்தோம்."

"அப்ப வேற?"

"தெரியாது ராசு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு தோளில் தொங்கிய, முதலாளி வீட்டிலிருந்து வந்த கொள்ளுப் பையை எடுத்தான். குதிரை மூக்கை நீட்டியது. அவன் பையை அதற்கு எட்டாதபடி தூக்கிப் பிடித்து, உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளி, என் கண் முன்னாலேயே தன் வாயில் போட்டு மென்றான்.